பால்வினை நோய்ப் பரிசோதனையும் ஆயரின் வாய்க்காவலும்: ஒரு வரலாற்று நோக்கு

திருமண ஓலையை மூன்று ஞாயிறுகளில் சபையார் முன்னிலையில் வாசித்து, தடை அறிந்தவர் எவரேனும் உளரோ என்று கேட்பது நம் சபைகளில் நெடுங்கால வழக்கம். எய்ட்ஸ் நோய் இந்நாட்டில் அறியப்பட்ட பின்பு இவ்வழக்கத்தின் அருகே வேறொரு கேள்வியும் வந்து நிற்கலாயிற்று. மணமக்களின் இரத்தம் சோதிக்கப்பட்டதா, சான்றிதழ் எங்கே என்பதே அக்கேள்வி. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் பகுதியில் நான் ஊழியம் செய்த நாள்களில், சேகரக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் இதனைத் தீர்மானமாகவே கொண்டுவர விரும்பினார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் அனைவரும் மருத்துவச் சான்றிதழை ஓலையோடு இணைத்துக் குழுவின் முன் வைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அவர் தீய எண்ணத்தோடு பேசவில்லை. தம் பேத்தியின் நலனை எண்ணியே பேசினார். அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. குருத்துவக் கல்வியில் நான் கற்றவற்றுள் அதற்கான விடை இருந்ததாகவும் நினைவில்லை. பிற்பாடு இப்பொருளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, அவர் கேட்ட ஏற்பாடு வேறு உருவங்களில் நம் மாகாணத்திலேயே இருமுறை செய்து பார்க்கப்பட்டது என்பதும், இருமுறையும் என்ன விளைந்தது என்பதும் தெரியவந்தன. அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

ஆண்டிமடம் முந்திரித் தோப்புகளும் மானாவாரி நிலங்களும் சூழ்ந்த ஊர். மழை பொய்த்தால் இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்வது இங்கு இயல்பு. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து கூலித் தொழிலாளர் ஊர் திரும்பியபோது அரியலூர் மாவட்டத்தின் கொரோனாத் தொற்றுக் கணக்குச் சில நாள்களிலேயே பன்மடங்கு உயர்ந்ததை நினைவுகூர்ந்தால், இவ்வட்டாரம் தலைநகரின் உழைப்போடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளது என்பது விளங்கும். சிற்றூரில் ஒருவர் மருத்துவமனைக்குள் நுழைந்ததைக் காட்டிலும், எந்த அறைக்குள் நுழைந்தார் என்பதே செய்தியாகிவிடும். ஜெயங்கொண்டத்திற்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று அஞ்சி, எதிர்த்திசையில் விருத்தாசலத்திற்குப் பேருந்து ஏறியவர்களை நான் அறிவேன். அவர்கள் ஏன் அப்படிச் சென்றனர் என்பதற்கு இருநூறு ஆண்டுக் கால வரலாறு உண்டு.

பால்வினை நோய்களுக்கு நம் மொழியில் வெட்டை, மேகம், கிரந்தி எனப் பழைய பெயர்கள் பல. சிபிலிஸ் என இன்று அழைக்கப்படும் நோய்க்குப் பறங்கிப்புண் என்ற பெயரும் இருந்தது. கப்பலேறி வந்த ஐரோப்பியரோடு வந்த நோய் என்று நம் முன்னோர் கருதினர் என்பதை அப்பெயரே சொல்லும். (இலங்கையில் பறங்கி என்னும் சொல் யாஸ் என்ற வேறொரு நோயைக் குறித்தது. அது பால்வழி பரவுவதன்று. குழந்தைகளைப் பெரிதும் பற்றுவது. ஆயினும் சிபிலிசைக் கண்டறியும் இரத்தச் சோதனை யாசுக்கும் அதே விடையைத் தரும். சோதனைத் தாளைக் கொண்டு ஒருவனுடைய ஒழுக்கத்தைத் தீர்மானிக்க முயல்வோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.)

இலண்டன் மாநகரில் 1747-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லாக் மருத்துவமனை இந்நோயாளிகளுக்கென்றே அமைந்தது. லாக் என்ற பெயர் அந்நகரிலிருந்த பழைய தொழுநோயர் இல்லம் ஒன்றிலிருந்து வந்தது. அம்மருத்துவமனையின் சிற்றாலயத்தில் குருவாகப் பணியாற்றியவர்களுள் ஒருவர், வேத வியாக்கியானம் எழுதிப் புகழ்பெற்ற தாமஸ் ஸ்காட். திருநெல்வேலித் திருச்சபையை வளர்த்த சி.எம்.எஸ். சங்கம் 1799-இல் தோன்றியபோது அதன் முதற் செயலாளராக இருந்தவரும் அவரே. குணமடைந்து வெளியேறும் பெண்கள் ஒதுங்க இடமின்றி மீண்டும் தெருவிற்கே செல்வதைக் கண்ட அவர், 1787-இல் அவர்களுக்கென ஓர் இல்லம் ஏற்படக் காரணமாயிருந்தார். நோயாளிகள் அங்கே தாமாக விரும்பி வந்தனர் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதே பெயர் கடல் கடந்து சென்னை மாகாணத்திற்கு வந்தபோது பொருள் முற்றிலும் மாறிப்போயிற்று.

1805-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் படைத்தலங்களில் லாக் மருத்துவமனைகள் ஏற்படுத்தப்பட்டன. நோயுற்ற சிப்பாய்களைக் குணமாக்குவதைவிட, அவர்களுக்கு நோயைத் தருவதாகக் கருதப்பட்ட பெண்களைப் பிடித்து அடைத்து வைப்பதே இவற்றின் நோக்கம். 1830-களில் மூடப்பட்டு, பின்னர் ஆங்காங்கே மீண்டும் திறக்கப்பட்ட இவை, 1864-ஆம் ஆண்டின் படைத்தலச் சட்டத்தாலும் 1868-ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டத்தாலும் உறுதிப்பட்டன. சென்னை, பரங்கிமலை, பூவிருந்தவல்லி, வெலிங்டன், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் இவை நடைபெற்றன. ஆண்டிமடம் அடங்கிய உடையார்பாளையம் வட்டம் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. ஆகவே நம் வட்டாரத்து மக்கள் இந்நோய்களுக்கென அரசு நடத்திய மருத்துவமனை என்று முதன்முதல் கேள்வியுற்றது இத்தகைய ஒன்றைத்தான் என்று கொள்ளலாம்.

அங்கே நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். பரத்தையர் எனக் காவலர் கருதிய பெண்களின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அவர்களுக்குச் சீட்டு வழங்கப்பட்டது. குறித்த நாள்களில் சோதனைக்கு வந்து நிற்கவேண்டும். நோய் கண்டால் விடுவிக்கும் வரை உள்ளேயே இருக்கவேண்டும். வரத் தவறினால் தண்டனை. சிப்பாய்களை இவ்வாறு சோதிப்பது அவர்களுடைய தன்மானத்தைக் கெடுக்கும் என்று 1859-இல் பிரிட்டிஷ் படையே அவ்வழக்கத்தைக் கைவிட்டிருந்தது என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரே நோய்க்கு ஆணின் மானம் ஒருவகையாகவும் பெண்ணின் மானம் வேறுவகையாகவும் எடை போடப்பட்டது. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஐயுற்ற கணவன் தன் மனைவியை ஆசாரியனிடம் கொண்டுவந்து நிறுத்தும் முறைமையைப் படிக்கும் மாணவர், அங்கே கணவனுக்கு எச்சோதனையும் கூறப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைத்தல மருத்துவர் அம்முறைமையை அறியாமலே பின்பற்றினார்.

விளைவு யாது? பெண்கள் ஒளிந்துகொண்டனர். சோதனை நாள் நெருங்கும்போது படைத்தல எல்லையைக் கடந்து கிராமங்களுக்குச் சென்றனர். பதிவில் சேராதவரே மிகுதி என்னும் முறையீடு லாக் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. நோயுற்றோர் தாமாக வந்து மருந்து கேட்கும் வழியும் அடைபட்டது. வருகிறவர் பதிவேட்டில் ஏறிவிடுவார் அன்றோ? அன்றியும், அக்காலச் சோதனை வெறும் கண்ணால் பார்ப்பது. வெட்டை நோயின் கிருமியை நைசர் கண்டறிந்தது 1879-இல். சிபிலிசின் கிருமி அறியப்பட்டது 1905-இல். நோயுள்ளவரை இல்லாதவரினின்று பிரித்தறியும் திறமே இல்லாத ஒரு சோதனைக்காக இத்தனை பெண்கள் அவமானப்படுத்தப்பட்டனர்.

இச்சட்டங்களை எதிர்த்துப் போராடியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களே என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. அதனை எழுதுமுன், அவற்றை ஆதரித்தோருள்ளும் கிறிஸ்தவர் இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்வது நேர்மை. ஆங்கிலிக்கன் குருவானவரான ஜார்ஜ் பட்லரின் மனைவி ஜோசபின் பட்லர் இங்கிலாந்தில் 1870 முதல் நடத்திய இயக்கத்தின் பயனாக, அந்நாட்டுச் சட்டங்கள் 1886-இல் நீக்கப்பட்டன. இந்தியாவில் பம்பாய் கார்டியன் இதழின் ஆசிரியரான குவேக்கர் ஆல்பிரட் டயர், படைத்தலங்களுக்குப் பெண்களைத் தருவித்துக் கொடுக்குமாறு 1886-இல் அனுப்பப்பட்ட இராணுவச் சுற்றறிக்கையை வெளிக்கொணர்ந்தார். 1888 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவை கட்டாயச் சோதனைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டே 1868-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் நீங்கியது.

சட்டம் நீங்கினும் வழக்கம் நீங்கவில்லை. எலிசபெத் ஆண்ட்ரூ, டாக்டர் கேதரின் புஷ்னெல் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் இருவர் 1892-இல் பத்துப் படைத்தலங்களுக்கு நேரில் சென்று, அங்கிருந்த பெண்களிடம் பேசி, கட்டாயச் சோதனை மறைவாகத் தொடர்வதை மெய்ப்பித்தனர். இதனை முதலில் மறுத்த இராபர்ட்ஸ் பிரபு 1893-இல் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இந்தப் புஷ்னெல் அம்மையாரே பிற்காலத்தில் திருமறையில் பெண்கள் குறித்த பகுதிகளை மூலமொழிகளில் ஆராய்ந்து பெரும் நூல் எழுதியவர். நம் இறையியல் மாணவர்கள் அந்நூலைப் பெண்ணிய விளக்கவுரையின் முன்னோடி என்று மட்டுமே அறிவர். இந்தியப் படைத்தலத்தின் சோதனைக் கூடத்தைக் கண்ட அனுபவமும் அவ்வாராய்ச்சிக்கு ஒரு தோற்றுவாய் என்பதையும் சேர்த்து அறிதல் நன்று.

1906-இல் வாசர்மன் சிபிலிசுக்கு இரத்தச் சோதனையைக் கண்டார். 1910-இல் எர்லிக்கின் சால்வர்சன் மருந்து வந்தது. இவ்விரண்டும் நிலைமையை மாற்றின. உடலைத் திறந்து காட்டாமலே நோயை அறியலாம் என்றாயிற்று. ஆனால் முன்பு உடலில் இருந்த இரகசியம் இப்போது தாளுக்கு மாறியது. அத்தாள் யார் கையில் இருக்கும் என்பதே புதிய சிக்கல். இதற்கு விடை தேடியது பிரிட்டனில் 1913-இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு. அதன் தலைவர் சிடன்ஹாம் பிரபு அதற்கு முன்பு பம்பாய் ஆளுநராக இருந்தவர். கட்டாயத்தால் பயனில்லை என்று கண்ட அக்குழு, யாவர்க்கும் இலவசமாகவும், எந்த ஊரார் என்று பாராமலும், மறைவாகவும் சோதனையும் மருந்தும் தரப்படவேண்டும் என்றது. 1916-ஆம் ஆண்டின் விதிமுறைகள் நோயாளியைப் பற்றிய செய்திகள் அனைத்தும் மறைவாகக் காக்கப்படவேண்டும் எனக் கட்டளையிட்டன. செலவில் முக்கால் பங்கை நடுவண் கருவூலமே ஏற்றது. தன் ஊர் மருத்துவமனைக்குச் செல்ல வெட்கப்படுபவன் அடுத்த ஊருக்குச் செல்லலாம் என்பதை ஓர் அரசு அவனுடைய உரிமையாகவே ஏற்றது. விருத்தாசலத்திற்குப் பேருந்து ஏறியவர்கள் இதை எழுதாச் சட்டமாக அறிந்திருந்தனர்.

நம் நாட்டில் இந்த அறிவு மெதுவாகவே வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவு இந்தியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய டாக்டர் ஆர். வி. இராஜமும் டாக்டர் பி. என். ரங்கையாவும் டோனோவானோசிஸ் என்னும் நோயைப் பற்றி எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-இல் வெளியிட்டது. இத்துணைத் திறமை தலைநகரில் இருந்தும், மாவட்டங்களில் இருந்தவர்கள் நாடியது வேறிடம். பேருந்து நிலையச் சுவர்களிலும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும், இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் தங்குவோம் என்று விளம்பரம் செய்த வைத்தியர்களைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. பால்வினை நோய்களுக்கு மருந்துண்டு என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருந்தது. ஆயினும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. அவர்கள் விற்றது மருந்தன்று. பெயர் கேளாமையை விற்றார்கள். மக்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் இலவச மருந்தும் பதிவேடும் இருந்தன. லாட்ஜில் பதிவேடு இல்லை. இவ்வைத்தியர்களைப் பிரசங்கங்களில் நாம் கண்டித்ததுண்டு. அவர்களிடம் ஏன் கூட்டம் கூடியது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் முறை கட்டாயம் வந்தது 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவியாயிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, எய்ட்ஸ் கிருமி இந்நாட்டில் உண்டா என்று அறியச் சென்னையில் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்ட பெண்கள் அடைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்திலிருந்து அவற்றுள் பல எடுக்கப்பட்டன. எலைசா சோதனை செய்யும் வசதி அன்று சென்னையில் இல்லாததால், அவர் மாதிரிகளை இரவு ரயிலில் காட்பாடி வரை கொண்டுசென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தார். ஆறு மாதிரிகள் நோய்த்தொற்றைக் காட்டின. 1986 மே மாதத்தில் சுகாதார அமைச்சர் டாக்டர் எச். வி. ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த நிறுவனம் நாட்டின் முதற் கண்டுபிடிப்பில் பங்கேற்றது நமக்குப் பெருமை. அவ்வாய்வு இல்லையேல் நாட்டின் இரத்த வங்கிகள் இன்னும் பல ஆண்டுகள் உறங்கியிருக்கும். எனினும், எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து டாக்டர் நிர்மலாவே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அக்காலத்தில் அப்படிக் கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கவில்லை. ஆகையால் இதை அவர்மேல் குற்றமாகச் சுமத்துவது முறையாகாது. ஆனால் பெருமையைக் கொண்டாடும் நம் நூல்களில் அப்பெண்களைப் பற்றிய வரி ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

அதற்குப் பின் நடந்தது லாக் மருத்துவமனையின் மறுபிறப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. தொற்று உடையவர் என அறியப்பட்ட பெண்கள் விடுதலை நாள் வந்தும் விடுவிக்கப்படாமல் காவலிலேயே வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் 1990-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பின்னரே அவர்கள் வெளிவந்தனர். கோவாவில் 1989-இல் இரத்ததானம் செய்த டொமினிக் டி சூசா என்ற இளைஞர், தமக்குச் செய்யப்பட்ட சோதனையின் முடிவைக் காவலர் மூலமாக அறிந்து, ஒரு காசநோய் மருத்துவமனையில் 64 நாள்கள் அடைக்கப்பட்டார். அவர் இரத்தம் கொடுத்துப் பிறருக்கு உதவச் சென்றவர். கட்டாயச் சோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் வழிசெய்யும் எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்று 1989-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாடு இதில் விரைவாகவே பாடம் கற்றது எனலாம். 1993-இல் டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், ஆலோசனை கூறி, இசைவு பெற்றே சோதித்தது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. தாமாக முன்வருவோரைச் சோதிக்கும் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் பெருகி, இன்று நம்பிக்கை மையம் என்ற பெயரில் வட்டார அளவு வரை வந்துள்ளன. மற்றப் பால்வினை நோய்களுக்கான பிரிவுகள் சுகவாழ்வு மையம் என அழைக்கப்படுகின்றன. கதவின்மேல் நோயின் பெயரை எழுதாமல் இப்படிப் பெயரிட்டவர் மக்களின் மனத்தை அறிந்தவர். ஆயினும் சிற்றூரில் எந்தப் பெயரும் நெடுநாள் மறைப்பாக நிற்பதில்லை. நம்பிக்கை மையத்தின் வாசலில் நின்றவர் யார் என்பதும் பேச்சாகிறது.

இனி மூத்த உறுப்பினரின் பேத்திக்கு வருவோம். இரகசியம் காப்பதால் ஏதுமறியா மணமகள் ஆபத்திற்கு உள்ளாகமாட்டாளா? இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. உச்சநீதிமன்றமே இதில் தடுமாறியது. 1995-இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் உறவினருக்காக இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்து, அச்செய்தி வெளிப்பட்டு, அவருடைய திருமணம் நின்றுபோயிற்று. ஊரில் இருக்க முடியாமல் அவர் வெளியேறினார். இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கில், மணமகளின் உயிருரிமை அவருடைய இரகசிய உரிமையினும் மேலானது என 1998-இல் தீர்ப்பாயிற்று. அத்தோடு நில்லாமல், இத்தகையோரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படும் என்றும் நீதிமன்றம் கூறியது. அப்பகுதி தேவையற்றது என்று 2002-இல் அதே நீதிமன்றம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. மணமகள் காக்கப்பட்டாள் என்பது மெய். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மணமகளுக்கு மட்டும் தெரியவேண்டியது ஊருக்கெல்லாம் தெரிந்தது என்பதும் மெய். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதே நம் குழப்பத்திற்குக் காரணம்.

திருமணத்திற்கு முன் கட்டாயச் சோதனை என்பது அமெரிக்காவில் சிபிலிசுக்காக 1935-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. எச்.ஐ.வி.க்காக அதனை 1988-இல் நடைமுறைப்படுத்தியது இல்லினாய் மாநிலம். முதல் ஆறு மாதங்களில் திருமண உரிமம் கேட்ட 70,846 பேர் சோதிக்கப்பட்டனர். தொற்று காணப்பட்டவர் 8 பேர். செலவு சுமார் 25 இலட்சம் டாலர். உரிமம் பெறுவோர் தொகை ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. பலர் அண்டை மாநிலங்களுக்குச் சென்று மணம் செய்துகொண்டனர். 1989-இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. படைத்தல எல்லையைக் கடந்து ஓடிய பெண்களும், மாநில எல்லையைக் கடந்து மணந்தோரும் நூறாண்டு இடைவெளியில் செய்தது ஒன்றே. நம் சேகரம் சான்றிதழ் கேட்டிருப்பின் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை. சான்றிதழை விலைக்கு வாங்கியிருப்பர், அல்லது ஓலை கேளாத வேறு சபைக்குச் சென்றிருப்பர்.

நம் குடும்பங்களில் உண்மையில் நடப்பது வேறு. கருவுற்ற பெண்கள் அனைவர்க்கும் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டிற்கும் சோதனை செய்ய முன்வருகிறார்கள். குழந்தையைக் காப்பதற்கு இது மிகவும் இன்றியமையாதது. ஆனால் இதனால் பல வீடுகளில் முதலில் சோதிக்கப்படுபவள் மனைவியே. முதலில் அறியப்படுவது அவளுடைய தொற்றே. முதலில் பழிக்கப்படுபவளும் அவளே. நோய் கணவனிடமிருந்து வந்திருந்தாலும் இதுவே நிலை. தன் மகன் சோதனைக்கே போகாதபோது, மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய மாமியாரை ஆயர்கள் கண்டிருப்பார்கள். எண்ணாகமத்தின் அந்த அதிகாரம் இன்னும் முடியவில்லை.

2018-ஆம் ஆண்டின் இறுதியில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அதில் நம் கவனத்திற்குரிய வேறொரு பகுதி உண்டு. சிவகாசியில் அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வகத்தில் செய்த சோதனையால் தம் நிலையை அறிந்தவுடன், தாமே இரத்த வங்கிக்குச் சென்று, தம் இரத்தத்தைப் பயன்படுத்தவேண்டாம் என்று தெரிவித்தார். 2016-இலேயே அவர் இரத்தத்தில் தொற்று காணப்பட்டிருந்தும் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என அக்காலச் செய்திகள் கூறின. அறிய வேண்டியவருக்கு மறைக்கப்பட்ட செய்தி, பின்னர் ஊரறியப் பரவியது. அம்மாத இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் இளைஞன் செய்யக்கூடிய மிக நேர்மையான செயலை அவர் செய்திருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்று பலர் எழுதினார்கள்.

அவ்வாண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருந்த சட்டத்தை நம்மில் பலர் இன்னும் படிக்கவில்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017 என்பது அதன் பெயர். நன்கு விளக்கிக் கூறி இசைவு பெறாமல் எவரையும் சோதிக்கலாகாது என்கிறது அச்சட்டம். நம்பிக்கையின் அடிப்படையில் தமக்குத் தெரிவிக்கப்பட்ட ஒருவரின் தொற்றுநிலையை, அவருடைய இசைவின்றி எந்த மனிதரும் வெளியிடலாகாது என்றும் கூறுகிறது. மருத்துவர் என்று அங்கே குறுக்கப்படவில்லை. ஆயரும் அதனுள் அடங்குவார். ஆயரிடமிருந்து கேட்டறிந்த குழு உறுப்பினரும் அடங்குவார்.  துணைவர்க்கு ஆபத்து உண்டெனில் அவருக்கு அறிவிக்க வழியும் அச்சட்டத்தில் உண்டு. மருத்துவரோ ஆலோசகரோ தொற்றுள்ளவரிடம் முதலில் பேசி, அவரே சொல்லும்படி ஊக்குவித்து, அவர் சொல்லாவிடின் தாம் சொல்லப்போவதை அவருக்கு உணர்த்தி, துணைவரை நேரில் அழைத்து, ஆலோசனையோடு சொல்லவேண்டும். சொன்னால் தனக்கு வன்முறை நேரும் என்ற நிலையில் உள்ள பெண்ணைப் பற்றித் தனி விலக்கும் உண்டு. பேத்தியைக் காக்கும் வழி இதில் இருக்கிறது. சிபிலிசும் வெட்டையும் இச்சட்டத்துள் வாரா. அவற்றிற்கு மருத்துவரின் தொழில்நெறியே காவல். ஆனால் ஆயர் நோய்க்கு ஒரு வாயும் வேறு நோய்க்கு மறு வாயுமாக இருக்கவியலாது. குணமாக்கப்பட்ட தொழுநோயாளியை ஒருவருக்கும் சொல்லாமல் ஆசாரியனிடம் மட்டும் சென்று காட்டிக்கொள்ளும்படி நம் ஆண்டவர் அனுப்பிய நிகழ்ச்சியை மாற்கு முதல் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த ஆசாரியன் பிறகு யாரிடம் சொன்னான் என்று அங்கே எழுதப்படவில்லை.

அம்மூத்த உறுப்பினர் கொண்டுவர விரும்பிய தீர்மானம் கூட்டத்தில் வாக்கெடுப்பிற்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, திருமண ஆயத்த வகுப்பிற்கு வரும் இருவருக்கும் நம்பிக்கை மையம் எங்கே உள்ளது என்பதையும், 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணையும், இருவரும் சேர்ந்தே சென்று முடிவைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதன் நன்மையையும் கூறுவது என்றும், எந்தத் தாளையும் ஆயர் கேட்பதில்லை என்றும் முடிவாயிற்று. அம்முடிவை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதும்போது, யாரைக் குறித்து இப்பேச்சு எழுந்தது என்ற வரியைச் செயலாளர் எழுதத் தொடங்கினார். அதனை அடித்துவிடும்படி கேட்டவர் அந்த மூத்த உறுப்பினரே.